எவ்வளவு தண்ணீர் நிற்கிறது?

அக்டோபர் 14, 2024, திங்கள்

மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போதே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள். கடைசியாக நின்ற வெள்ளை வண்டிக்குப் பின்னால் என்னுடையதையும் ஒட்டி நிறுத்திவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து மடிப்பாக்கம் வந்து சேர்ந்தேன். எனக்கு அடுத்து வந்தவர் வண்டிக்கு உறை போட்டு, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, கண்ணாடியில் கைப்பேசி எண்ணையும் எழுதி ஒட்டினார். ஆள் பழக்கப்பட்டவர்.

16-ஆம் தேதிக்குக் கனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறார்கள். நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் 18 வரை ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கும்படி அரசு கேட்டுக்கொண்டிருக்கிறது. கிண்டி தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுகிற எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேம்பாலத்தில் காரை நிறுத்துவது முறையா என்று என் மகன் கேட்டான். முறையில்லைதான். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். ஆனால் போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது விமான நிலைய ஓடுபாதையே மூழ்கிக் கிடந்தது. எங்கள் தெருவோ ஆதம்பாக்கம் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தேடி வருகிற வழியில் இருக்கிறது. முறையைப் பார்த்துக் கீழே நிறுத்தியவர்கள் அப்போது என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக இன்று அறிவித்தார்கள். அறிவிக்காமலே தெரிந்தது.

எங்கள் தெரு முனை ஆட்டோ அண்ணனோடு கிண்டிக்குப் போனேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியிலேயே ஓட்டுகிறவர். கிளம்புவதற்கு முன் எதிரே வந்த இன்னோர் ஆட்டோவை மறித்து, "கைவேலியில் எவ்வளவு நிற்கிறது?" என்றார். "அச்சு வரைக்கும்" என்று பதில் வந்தது. நாமெல்லாம் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று நம் உடம்பால் அளக்கிறோம். அவர்கள் வண்டியால் அளக்கிறார்கள். முழங்கால் யாருடைய முழங்கால் என்று கேட்க வேண்டிய தேவை அதில் இல்லை.

அவர் ஓட்டிய விதத்தைப் பக்கத்திலிருந்து கவனித்தேன். தண்ணீர் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டார். எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்தது. அது எழுப்பிய அலை சாலையோரக் கடையின் படியில் மோதி, திரும்பி வந்து அடங்கும் வரை நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. பிறகு முதல் கியரில், கையைத் தளர்த்தாமல் ஒரே சீராக முறுக்கிப் பிடித்துக்கொண்டு சாலையின் நட்டநடுவே போனார். சாலையின் நடுப்பகுதி மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் இருக்கும், ஓரத்தில்தான் மழைநீர் வடிகாலின் மூடிகளும் இருக்கும் என்பது காரணம். பாதி வழியில் விசையைக் குறைத்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும், வண்டி அங்கேயே நின்றுவிடும். ஓர் இடத்தில் வேப்பங்கிளை ஒன்று தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே பள்ளம் என்று யாரோ நட்டுவைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் மழைக்காலத்தில் நம்பக்கூடிய சாலை அறிவிப்பு அதுதான்.

மேட்டுக்கு வந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை லேசாக மிதித்துக்கொண்டே போனார். "ஈரம் காயட்டும் அம்மா. இல்லாவிட்டால் சிக்னலில் மிதிக்கும்போது நிற்காது" என்றார். கார் ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? அவர்கள் நான்கு பக்க விளக்கையும் மினுக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். ஓடுகிற வண்டி எது, நின்றுபோன வண்டி எது, யார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எதுவும் புரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற பழக்கம் இது.

அக்டோபர் 16, புதன்

சிவப்பு எச்சரிக்கை நாள். மழை இல்லை என்றே சொல்லலாம். காலையிலிருந்து கேலிப் படங்கள் வந்து குவிகின்றன. பெய்யாமல் போனதற்காக வானிலைக்காரர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெய்திருந்தால் இதே வாய்கள்தான் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டிருக்கும்.

மேம்பாலத்து வண்டிகளுக்கு அபராதம் விதிக்கிறார்கள் என்று நேற்று ஒரு பேச்சு கிளம்பி, போக்குவரத்துப் போலீஸார் அதை மறுத்தார்கள். என் வண்டியில் எந்தச் சீட்டும் இல்லை. காக்கை எச்சம் மட்டும் இருந்தது.

நவம்பர் 24, ஞாயிறு

மாண்ட்ரியலில் இருக்கும் தம்பி பேசினான். டயர் மாற்றிவிட்டு வந்தானாம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப் பிடிமானத்தை இழந்துவிடும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாகவே இருக்கும் என்று விளக்கினான். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்திவலையும் பொறித்திருக்குமாம்.

"பனி கொட்டிக் கிடந்தால் பயமில்லை அக்கா. கண்ணுக்குத் தெரிகிறது, மெதுவாகப் போய்விடலாம். பயமெல்லாம் தெரியாத பனிக்கட்டியிடம்தான்" என்றான். மழையோ உருகிய பனியோ சாலையில் மெல்லிய ஏடாக உறைந்து, தார் நிறத்திலேயே தெரியும். ஈரச்சாலை என்று நினைத்து மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். பாலங்கள்தான் முதலில் உறையுமாம். தரைச்சாலைக்கு அடியில் மண்ணின் சூடு கொஞ்சம் இருக்கிறது, பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுதான். அங்கே பாலத்தைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறார்கள். இங்கே பாலத்தைக் கண்டால் எங்கள் உயிரே வருகிறது.

உப்புத் தூவினால் பனி உருகிவிடாதா என்றேன். உப்பு தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்கும், ஆனால் குளிர் மிகக் கடுமையானால் வேலை செய்யாது, அப்போது பிடிமானத்துக்காகப் பொடிக்கல்லைத் தூவுவார்கள் என்றான். அதே உப்பு காரின் அடிப்பாகத்தைத் துருப்பிடிக்க வைத்துவிடும். டிக்கியில் சிறிய மண்வாரி, கம்பளி, கண்ணாடியைச் சுரண்டும் தகடு எல்லாம் எப்போதும் இருக்குமாம்.

நான் மேம்பாலக் கதையைச் சொன்னதும் சிரித்தான். அவன் ஊரில் தெருவில் குவிந்த பனியை அள்ளப் போகும்போது, காரை இழுத்துப்போகும் வண்டி சைரன் ஒலித்துக்கொண்டே வருமாம். அறிவிப்புப் பலகையில் போட்ட நேரத்துக்குள் காரை எடுக்காதவர்களுக்கு அபராதம் உண்டு, காரையும் வேறு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று தேடுவதே ஒரு வேலை" என்றான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எதற்கு எப்போது தயாராக வேண்டும் என்று அங்கே தேதி போட்டுச் சட்டம் சொல்கிறது. நமக்கும் பருவமழை அக்டோபரில்தான் வருகிறது, இன்று நேற்றா வருகிறது? காரின் டயரில் 1.6 மி.மீ. ஆழத்துக்காவது வரிப்பள்ளம் இருக்க வேண்டும் என்று நம்முடைய விதியும் சொல்கிறது. செப்டம்பர் மாதத்தில் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து விடாத மழையும் காற்றும். நண்பகலில் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். நேற்று மாலையே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டேன்.

கீழ் வீட்டுக்காரர் மதியம் மருந்து வாங்கக் காரில் கிளம்பினார். தெருவைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். ஒரு "டக்" சத்தம். மறுபடி திருப்பினார். மாடியிலிருந்து நாங்கள் நான்கைந்து பேர் "வேண்டாம் சார், ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று கத்தியது மழையில் கேட்கவில்லை. பிறகு ஆட்டோ அண்ணனும் இரண்டு பையன்களும் இறங்கித் தள்ளி, கோயில் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மருந்தை ஒரு பையன் நடந்தே போய் வாங்கி வந்தான்.

டிசம்பர் 2, திங்கள்

புயல் சனி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நாங்கள் தப்பினோம், விழுப்புரம் மாட்டிக்கொண்டது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் பாய்ந்து, சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோனது. ஓடுகிற தண்ணீர் வேறு சாதி. ஓர் அடி ஆழமிருந்தாலே சிறிய காரைத் தூக்கி மிதக்க வைக்கும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துப் போகும். தெருவில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிப் பழகிய தைரியத்தோடு அங்கே இறங்கக் கூடாது.

கீழ் வீட்டுக்காரரின் வண்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக் எங்களுக்கும் காட்டினார். ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. காற்றைப் பிஸ்டனால் அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த வேகத்தில் பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தள்ளுகிற தண்டான கனெக்டிங் ராட்தான் வளையும். முதல் தடவை நின்றபோதே விட்டிருந்தால் ஃபில்டரும் ஆயிலும் மாற்றுவதோடு போயிருக்கலாம் என்றார். கீழ் வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. அவருடைய மனைவி நிறையப் பேசினார்.

டிசம்பர் 8, ஞாயிறு

காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இருக்கை, தரைவிரிப்பு, மின்கம்பிகளுக்கு ஏதோ கொடுப்பார்கள். என்ஜினுக்குக் கிடையாது. தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து வந்த சேதம் விபத்துக் கணக்கில் சேராதாம். என்ஜினுக்கென்று தனியாக ஒரு கூடுதல் காப்பீடு இருக்கிறது, அதை எடுத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது "இது எதற்கு வெட்டிச் செலவு" என்று நீக்கிவிடுகிற வரி அதுதான். என்னுடைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருக்கிறது. சென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 15, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி மூன்று இடங்களில் மதில் சுவரில் சிவப்புக் கோடு போட வேண்டும். ஓர் அடியில் ஒரு கோடு போதும். கோடு மறைந்தால் கார் போகக் கூடாது, அவ்வளவுதான்.

உடனே ஆட்சேபணை. மின்கம்பத்தில் போடலாமே என்றார் ஒருவர். அதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஆட்டோ அண்ணன்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "ஓர் அடி எங்கிருந்து? சுவர் அடியிலிருந்தா, ரோட்டு நடுவிலிருந்தா?" சுவர் ஓரம் சாலை நடுவைவிடத் தாழ்வு. சுவரடியிலிருந்து அளந்தால் நடுச்சாலையில் தண்ணீர் ஓர் அடி ஏறுவதற்கு முன்பே கோட்டைத் தொட்டுவிடும். இரண்டு மழைக்குப் பிறகு யாரும் அதை நம்ப மாட்டார்கள். அதனால் பக்கத்து மனையில் வேலை செய்யும் கொத்தனாரை அழைத்து வந்தோம். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைச் சாலை நடுவிலும் மறுமுனையைச் சுவரிலும் பிடித்து மட்டம் பார்த்து, பென்சிலால் குறித்துக் கொடுத்தார். கீழ் வீட்டுக்காரரின் மதிலில்தான் முதல் குறி.

பெயிண்ட் செலவைச் சங்கம் தருவதா, கோடு விழும் வீட்டுக்காரர் தருவதா என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மதில் அழகு கெட்டுவிடும் என்று இரண்டாவது வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லை.