கைரோபிராக்டர் டேபிளை ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்றமாதிரி மாத்தி வைக்கோணும்

கனடாவில ரொறன்ரோப் பக்கத்து ஸ்காபரோ, மார்க்கம் கைரோபிராக்டிக் (முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால அமத்திச் செய்யிற வைத்தியம்) கிளினிக்குகளில எங்கட பிள்ளையள் அசிஸ்டன்டா வேலைக்குச் சேருகினம், சேர்ந்தவுடன அவைக்குக் காட்டிக்குடுக்கிறது போன் எடுக்கிறதும் அப்பொயின்ட்மென்ட் போடுறதும் இன்சூரன்ஸ் பேப்பர் நிரப்புறதும் தான், டேபிளை மட்டும் "இந்தப் பெடல் ஏத்த, இந்தப் பெடல் இறக்க" எண்டு சொல்லி முடிச்சிடுவினம். எனக்கு இதில சரியான கவலை, அதாலதான் இதை எழுதுறன். டொக்டற்ற கை படமுதலே ஆள் அந்த டேபிளில படுத்தாச்சு, அந்தப் படுக்கை சரியில்லாட்டில் தசை எல்லாம் இறுகிப்போய்த்தான் இருக்கும், இறுகின உடம்பில எவ்வளவு நல்ல டொக்டரும் கூடப் பலம் குடுத்துத்தான் அமத்தோணும், அந்தக் கூடின பலத்தை வாங்குறது எங்கட அம்மம்மாவும் அப்பப்பாவும் தானே.

முதல்ல ஒண்டைத் தெளிவாச் சொல்லிவிடுறன். ஒன்ராறியோவில முள்ளந்தண்டு மூட்டை அதின்ர வழமையான அசைவு எல்லைக்கு அங்கால வேகமா அசைக்கிறது 1991ம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட செயல், அதைச் செய்யிற உரிமை அதுக்குரிய லைசன்ஸ் இருக்கிறவைக்கு மட்டும்தான். அசிஸ்டன்ட் ஒருநாளும் "சும்மா ஒருக்கா அமத்திவிடுறன்" எண்டு கை வைக்கக் கூடாது, தெரிஞ்ச ஆள் கேட்டாலும் கூடாது. எங்கட வேலை டேபிள், ஆளை ஏத்துறது, இறக்குறது, துடைக்கிறது, பார்க்கிறது.

டேபிளை அறையில வைக்கேக்கை சுவரோட ஒட்டி வைக்கிற பழக்கத்தை விடுங்கோ, இடம் மிச்சம் பிடிக்கிறம் எண்டு நினைச்சு வைக்கினம், ஆனா டொக்டர் தலைமாட்டில நிக்கோணும், இரண்டு பக்கமும் வந்து போகோணும், கால்மாட்டிலயும் நிக்கோணும், ஹைலோ மாதிரி நிமிர்ந்து நிக்கிற டேபிள் எண்டால் அது எழும்பி நிக்கவே கால்மாட்டில இடம் வேணும். நிலம் சமனா எண்டு பாருங்கோ, ஒரு மூலையில ஆடினா கீழ இருக்கிற பாதத்தைத் திருகிச் சமப்படுத்தலாம், பேப்பர் மடிச்சு வைக்கிறது வேண்டாம். மோட்டர் வயரை நேரா சுவர்ப் பிளக்கில போடுங்கோ, எக்ஸ்டென்சன் வயர் வேண்டாம், ஆக்கள் நடக்கிற வழியில வயர் கிடக்கவும் கூடாது. வெளிநாட்டில இருந்து மலிவா எடுப்பிக்கிறவை இன்னொண்டையும் பார்க்கோணும், இங்க 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், அதோட கனடாவில ஏற்றுக்கொண்ட மின்பாதுகாப்பு முத்திரை டேபிளில இருக்கோணும், அது இல்லாத சாமானை கிளினிக்கில வைச்சிருக்கிறது சரியில்லை.

டேபிளுக்குக் கீழ ஒண்டும் இருக்கக் கூடாது. குப்பை வாளி, டொக்டர் இருக்கிற உருளுற ஸ்டூல், ஆக்கள் கழட்டி வைக்கிற சப்பாத்து, எல்லாத்தையும் பார்த்துப்போட்டுத்தான் இறக்கிற பெடலை அமத்தோணும். எல்லாத்தையும் விடப் பெரிய பயம் சின்னப் பிள்ளையள், தாய் குப்புறப் படுத்திருப்பா, பிள்ளை கீழ தவண்டு போய் இருந்து விளையாடும், மோட்டர் இறங்கினா அதுக்குத் தெரியப்போறேல்ல கீழ பிள்ளை இருக்கெண்டு. பிள்ளையோட வாறவை எண்டால் பிள்ளைக்கு ஒரு கதிரை தூரத்தில போட்டு, ஒரு ஆள் கண் வைச்சிருக்கோணும், நான் இதில ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கிறேல்ல.

உயரத்தில இரண்டு விசயம் இருக்கு. ஆள் ஏறி இறங்க ஒரு உயரம், டொக்டர் வேலை செய்ய இன்னொரு உயரம். ஏறுறதுக்கு, ஆள் விளிம்பில இருந்தா இரண்டு பாதமும் நிலத்தில முழுசாப் படுற அளவுக்கு இறக்கி வையுங்கோ, கட்டையான அம்மம்மாமார் எங்கட ஆக்களில நிறைய, அவையை எட்டி ஏறச் சொல்லக் கூடாது. வேலை உயரம் டொக்டரைப் பொறுத்தது, முதுகில நேரா அமத்துறவை உடம்புப் பாரத்தைக் குடுத்து அமத்துறதால முழங்காலுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற மாதிரிப் பதிவாத்தான் கேட்பினம், ஆளைச் சரிச்சுப் படுக்கவைச்சு நாரிக்குச் செய்யேக்கை இன்னும் பதிக்கச் சொல்லுவினம். ஒரே அறையில நெட்டையான டொக்டரும் கட்டையான டொக்டரும் மாறி மாறி வேலை செய்தால் ஒவ்வொருத்தருக்கும் எந்த உயரம் எண்டு எழுதி வைச்சிடுங்கோ, குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்து அவைக்கும் நாரி போயிடும்.

இனி தலைமாடு. இதிலதான் கனபேர் கவனிக்காம விடுறது. தலை வைக்கிற துண்டு இரண்டு மெத்தையாப் பிரிஞ்சு நடுவில இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம், முழுத் துண்டையும் மேல கீழ சரிக்கலாம். முகம் மெல்லிசான ஆளுக்கு அகலமா விட்டா முகம் உள்ள போய் கன்னம் நசியும், முகம் பெரிய ஆளுக்கு ஒடுக்கி வைச்சா மூக்கு அடைபட்டு மூச்சு விட ஏலாது. வயசுபோய்க் கூன் விழுந்த ஆக்களுக்குத் தலை முன்னுக்குத் தள்ளித்தானே இருக்கும், அவை குப்புறப் படுக்கேக்கை தலைத்துண்டைக் கீழ பதிச்சு விடோணும், இல்லாட்டில் பிடரி பின்னுக்கு மடிஞ்சு நோகும். அதே ஆள் மல்லாந்து படுக்கேக்கை நேர்மாறு, தலைத்துண்டை உயர்த்தோணும் அல்லது தலையணை வைக்கோணும். உயர்த்தினாலும் பதிச்சாலும் ஆள் தலையை வைக்க முதல் பூட்டு விழுந்திட்டுதா எண்டு உங்கட கையால ஒருக்கா அமத்திப் பாருங்கோ, பூட்டாத துண்டில தலையை வைச்சா கழுத்து சடக்கெண்டு கீழ போகும், கழுத்து நோவோட வந்த ஆளுக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கடதாசியை ஒவ்வொரு ஆளுக்கும் மாத்தி, மூக்கு வாற இடத்தில கிழிச்சு விடுங்கோ.

அடுத்தது டிரொப், அதாவது டேபிளில ஒரு துண்டு மட்டும் எழும்பி நிண்டு, அமத்தின உடன கீழ விழுற அமைப்பு. இதைப் பற்றித்தான் வாறவை எல்லாரும் கேட்கிறது, ஏனெண்டால் அது போடுற சத்தம் அப்பிடி. 1895ல டி.டி. பாமர் அமெரிக்காவில ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில இந்த வைத்தியத்தைத் தொடங்கினவர், அந்தக் காலத்து டேபிளுகளில மோட்டரும் இல்லை டிரொப்பும் இல்லை, 1950களில தான் அதே டேவன்போர்ட்டில கிளே தொம்சன் எண்ட கைரோபிராக்டர் தலைத்துண்டு கீழ விழுற அமைப்பைச் செய்தவர், பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்புத் துண்டுகளுக்கும் அது வந்திட்டுது. வேலை இப்பிடித்தான், லீவரையோ பெடலையோ தட்டினா அந்தத் துண்டு மட்டும் கொஞ்சமா மேல எழும்பி நிக்கும், டொக்டர் அமத்தின உடன டக்கெண்டு கீழ விழுந்து நிக்கும், ஆளின்ர உடம்பும் சேர்ந்து அந்தச் சின்ன தூரம் இறங்கி சடாரெண்டு நிக்கிறதால டொக்டர் கையால குடுக்க வேண்டிய பலம் குறையும்.

இதில உயிர் இறுக்கம் பிடிக்கிற திருகாணியில தான் இருக்கு. ஆளின்ர பாரத்தை மட்டும் தாங்கி நிக்கோணும், அதுக்கு மேல கொஞ்சம் அமத்தின உடன விழோணும். 45 கிலோ மனுசிக்கு வைச்ச இறுக்கத்தில 100 கிலோ ஆள் படுத்தா, படுத்த உடனயே விழும், மாறி, அந்தப் பெரிய ஆளுக்கு வைச்ச இறுக்கத்தை அப்பிடியே விட்டிட்டு மெலிஞ்ச மனுசியைப் படுக்க வைச்சா டொக்டர் என்ன அமத்தினாலும் விழாது, விழ வைக்க இன்னும் இன்னும் அமத்தவேண்டி வரும், இதைத்தான் நான் முதல்ல சொன்னது. ஆள் படுத்து, துண்டை எழுப்பின பிறகு, ஒரு நல்ல மூச்சு இழுத்து விடச் சொல்லிப் பாருங்கோ, மூச்சுக்கே விழுந்தா இறுக்கம் காணாது, கொஞ்சம் திருகுங்கோ. டொக்டர் வந்து கையால மெதுவா அமத்திப் பார்த்துக் கடைசி அளவு வைப்பார், ஆனா நீங்கள் கிட்டத்தட்டச் சரியா வைச்சிருந்தா ஆள் அந்த நேரம் முழுக்கக் காத்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை.

சத்தத்தை முதல்லயே கேட்கவைச்சிடுங்கோ. எங்கட கிளினிக்குக்கு வாற ஒரு அம்மா, யாழ்ப்பாணத்தில இருந்து மகளிட்ட வந்து நிக்கிறவா, நாரிப்பிடிப்பு, வந்து கதிரையில இருக்கேக்கையே பக்கத்து அறையில டிரொப் விழுற சத்தம் கேட்டிட்டா. "பிள்ளை, ஆற்றையோ எலும்பை முறிக்கினம் போல" எண்டு என்ர கையைப் பிடிச்சிட்டா. நான் அவாவைக் கூட்டிக்கொண்டு போய் வெறும் டேபிளுக்குப் பக்கத்தில நிக்கவைச்சு, இடுப்புத் துண்டை எழுப்பி, "அம்மா, நீங்களே அமத்திப் பாருங்கோ" எண்டன். முதல் விரலால தொட்டா, பிறகு இரண்டு உள்ளங்கையையும் வைச்சு அமத்தினா, டமார் எண்டு விழுந்துது, "அட, இது கட்டில்ர சத்தமே" எண்டா, திருப்பி எழுப்பச் சொல்லி இன்னொருக்கா அமத்தினா. அதுக்குப் பிறகு படுக்கேக்கை அவான்ர தோள் இரண்டும் இறங்கிப்போய் இருந்தது, அதுதான் வேணும். இதைச் செய்யிறதுக்கு என்ன நேரம் போகுது சொல்லுங்கோ.

(கையால செய்யேக்கை மூட்டில வாற அந்த டக் சத்தம் வேற. அதுவும் எலும்பு முறியிற சத்தம் இல்லை, 2015ல கனடாவில அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில விரலை எம்ஆர்ஐ மெசினுக்குள்ள வைச்சு இழுத்துப் பார்த்தவை, மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்தில ஒரு வெற்றிடம் உருவாகிற அந்த நேரத்தில தான் சத்தம் வருது எண்டு படத்தோட காட்டினவை. சத்தம் வராட்டில் வேலை நடக்கேல்ல எண்டும் நினைக்கத் தேவையில்லை.)

இழுத்து வளைக்கிற டேபிள் வைச்சிருக்கிற இடங்களில வேலை செய்யிறவைக்கு இதைத் தனியாச் சொல்லோணும். முதல்ல 1900களின்ர தொடக்கத்தில மிசூரி மாநிலத்து மக்மானிஸ் எண்ட ஒஸ்டியோபாத் (அவையும் கையால வைத்தியம் செய்யிறவை) இந்த மாதிரி டேபிள் செய்தவர், பிறகு இன்டியானாவில ஜேம்ஸ் கொக்ஸ் எண்ட கைரோபிராக்டர் அதை டிஸ்க் (முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில இருக்கிற மெத்தை) பிரச்சினைக்கு எண்டு வளர்த்து எடுத்தவர். கால் பக்கத் துண்டு பூட்டைக் கழட்டினா மேல கீழ அசையும், டொக்டர் ஒரு கையை நாரியில வைச்சுக்கொண்டு மற்றக் கையால அதை மெல்ல மெல்லப் பதிப்பார். ஸ்பிரிங் இறுக்கத்தை ஆளின்ர கால் பாரத்துக்கு ஏற்றமாதிரி வைச்சா, எங்கட ஊர்த் துலா மாதிரி ஒரு கையால தொட்டா இறங்கும், விட்டா தானா மேல வரும். ஆளின்ர இடுப்பெலும்பு மேல்விளிம்பு டேபிள் மடியிற இடத்துக்குக் கிட்ட வாற மாதிரிப் படுக்க வைக்கோணும், எவ்வளவு மேல கீழ எண்டு டொக்டர் சொல்லுவார், கணுக்கால் பட்டியையும் அவர் சொன்னாத்தான் போடுறது. முடிஞ்ச உடன முதல் வேலை அந்தக் கால் பக்கத்தைத் திருப்பிப் பூட்டுறது. பூட்டாம "எழும்புங்கோ" எண்டு சொன்னா ஆள் முழங்காலை ஊண்டி எழும்பப் பார்க்கேக்கை கால் பக்கம் முழுக்கக் கீழ போகும், டிஸ்க் வருத்தக்காரருக்கு அது மிகவும் மோசம். நான் பூட்டி, கையால அமத்திப் பார்த்து, வாய்விட்டு "பூட்டியாச்சு" எண்டு சொன்ன பிறகுதான் ஆளோட கதைப்பன்.

ஹைலோவில ஆள் நிண்டபடி சாய, டேபிள் ஆளோட சேர்ந்து மெல்லப் படுக்கைக்கு வரும், குனியவே ஏலாத நாரி நோவுக்கும் வயித்தில பிள்ளை இருக்கிறவைக்கும் நல்ல வசதி. கால் வைக்கிற தட்டில இரண்டு காலும் சமனா நிக்குதா, முகம் தலைத்துண்டுக்கு நேரா வருதா, கை இரண்டும் கைதாங்கியில இருக்கா எண்டு பார்த்து, "இப்ப சரியப்போகுது" எண்டு சொல்லிப்போட்டு பெடலை அமத்துங்கோ. கர்ப்பிணி எண்டால் வயித்துத் துண்டை முதலே விடுவிச்சுப் பதிச்சிருக்கோணும்.

ஆக்களை எழுப்புறது எல்லா டேபிளிலயும் ஒண்டுதான், உயரத்தை இறக்கி, பக்கமாச் சரிஞ்சு, முழங்காலை மடிச்சு, காலைத் தொங்கவிட்டு, கையால ஊண்டி இருக்கச் சொல்லுங்கோ. இருந்த உடன எழும்ப விடாதேங்கோ, பிரஷர் குளிசை போடுற ஆக்களுக்குத் தலை சுத்தும். எலும்பு தேய்மானம், இரத்தம் இளக்கிற குளிசை, அண்மையில விழுந்து அடிபட்டது, புதுசா வந்த தலைசுத்து, கால் விறைப்பு, சலம் கட்டுப்படாம போறது, இதெல்லாம் டேபிளில ஏத்த முதல் உங்களுக்குக் காதில விழுந்தா உடன டொக்டரிட்டச் சொல்லுங்கோ, எங்கட ஆக்கள் டொக்டரைக் கண்டா "ஒண்டுமில்லை, சும்மா நோ" எண்டுதான் சொல்லுவினம், எங்களிட்டத்தான் உண்மையைச் சொல்லுறது.

துடைக்கிறது. எங்கட ஆக்கள் நல்லெண்ணெய், சித்தாலேப பாம் எல்லாம் பூசிக்கொண்டு வருவினம், அது ரெக்சினில ஊறி அடுத்த ஆளுக்கு வழுக்கும், கடதாசியும் நிக்காது, அதால அப்பொயின்ட்மென்ட் குடுக்கேக்கையே "அண்டைக்கு மட்டும் எண்ணெய் பூசாதேங்கோ" எண்டு அன்பாச் சொல்லிவிடுங்கோ. கிருமிநாசினி எவ்வளவு நேரம் ஈரமா இருக்கோணும் எண்டு போத்தலில போட்டிருக்கும், உடன துடைச்சு எடுத்தா அது வேலை செய்யாது. சும்மா அற்ககோலும் புளீச்சும் தொடர்ந்து போட்டா ரெக்சின் காய்ஞ்சு வெடிக்கும், வெடிச்ச இடத்துக்குள்ள ஊத்தை போனா எதாலயும் எடுக்க ஏலாது, தைச்சு மாத்தத்தான் வேணும்.

பின்னேரம் மூடேக்கை எழும்பி நிக்கிற டிரொப் எல்லாத்தையும் விழுத்தி, டேபிளைக் கீழ இறக்கி, பூட்டுகளைப் பார்த்துப்போட்டுப் போங்கோ. டிரொப் நாள் முழுக்க விழுந்து விழுந்து ஆணியள் தளரும், ஒவ்வொரு கிழமையும் கையால அசைச்சுப் பாருங்கோ, சத்தம் வழமையை விட வேற மாதிரிக் கேட்டால் அந்தத் துண்டைப் பாவிக்கிறதை நிப்பாட்டி டொக்டரிட்டச் சொல்லுங்கோ, நீங்களா எண்ணெய் விடாதேங்கோ. ஐயோவாவில லொயிட் கொம்பனி, இல்லினோய் எல்ஜினில செய்த செனித் டேபிளுகள் எல்லாம் பத்துக்கணக்கான வருசம் பழசாகியும் இங்க ஓடிக்கொண்டு தான் இருக்கு, பாகம் தேவைப்பட்டா மொடல் நம்பரும் சீரியல் நம்பரும் கேட்பினம், அது டேபிளுக்கு அடியில ஒரு சின்னத் தகட்டில இருக்கும், அதிலயே எவ்வளவு கிலோ வரைக்கும் தாங்கும் எண்டும் போட்டிருந்தா அதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து ரிசெப்சன் கம்பியூட்டரில போட்டு வையுங்கோ.