பென்சிலால் மட்டும்

புகைப்படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதக்கூடாது, மென்மையான பென்சிலால்தான் எழுத வேண்டும், அதுவும் ஓரமாக, அழுத்தாமல் எழுத வேண்டும் என்பதை ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் கழித்து, என் மகள் வயதுள்ள ஓர் ஆவணக் காப்பாளரிடம் கற்றுக்கொண்டேன். பேனா மை நாளடைவில் ஊறி முகப்பக்கத்தைக் கறையாக்கிவிடும் என்றார். பராமரிப்புப் பிரிவில் 33 ஆண்டுகள் இருந்து, லாக்புக்குகளில் பக்கம் பக்கமாக நீல மையால் எழுதித் தள்ளிய எனக்கு அது சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் நிறுவனம் தன் பழைய ஆவணங்களையும் கருவிகளையும் ஓர் அறையில் திரட்டத் தொடங்கியபோது, உதவ முடியுமா என்று ஓய்வூதியர்களைக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அதுவரை எங்களுக்கும் நிறுவனத்துக்கும் இருந்த தொடர்பு, ஆண்டுக்கொரு முறை கொடுக்கும் உயிர்வாழ் சான்றும் ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலியும்தான். முன்வரிசை மரியாதைக்குரிய இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆவண அறையில்தான் முதன்முறையாக எங்களிடம் கேள்விகள் கேட்கப்பட்டன.

முதல் பெட்டியில் ஏறக்குறைய 200 படங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. ஒரு படத்தில் பெரிய பிரஸ் (அழுத்து இயந்திரம்) ஒன்றும் அதன் முன் நான்கு பேரும். மூவர் சேர்ந்து அதை ஒரு மணி நேரம் பார்த்தோம். கூரையில் தொங்கிய விளக்கின் வகையை வைத்து ஒருவர் ஓர் ஆண்டைச் சொன்னார். தலைக்கவசத்தின் நிறத்தை வைத்து இன்னொருவர் அதை மறுத்தார். எனக்கோ பிரஸ்ஸின் இடப்பக்கத்தில் பெல்ட்டை மூடும் கம்பிக் கூண்டு இல்லாததுதான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கூண்டு, இரவு ஷிப்டில் ஒரு ஃபிட்டரின் இரண்டு விரல்கள் போன பிறகு போடப்பட்டது. ஆகவே படம் அதற்கு முந்தையது. சொல்லி முடித்ததும் மேசையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. காப்பாளர் ஆண்டை மட்டும் குறித்துக்கொள்வார் என்று நினைத்தேன். விபத்தையும் சேர்த்தே குறித்துக்கொண்டார். நிறுவனம் அச்சிட்ட வரலாற்று மலரில் திறப்பு விழாக்கள் எல்லாம் இருக்கின்றன, அந்தக் கூண்டு வந்த கதை இல்லை.

வரைபடத்தில் இல்லாதது ஒரு தொழிற்சாலையில் எவ்வளவு இருக்கிறது என்பது, அங்கே இருக்கும்வரை நமக்கே தெரிவதில்லை. துளைகளைக் குடையும் எங்கள் பழைய போரிங் மெஷின் ஒன்றைக் கழற்றிச் சீரமைக்கும் ஒவ்வொரு ஓவர்ஹாலின்போதும் இடப்பக்க பேரிங்குக்கு அடியில் 0.2 மில்லிமீட்டர் பித்தளை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) ஒன்றை வைப்போம். அடித்தளம் அந்தப் பக்கம் சற்றே இறங்கியிருந்ததே காரணம். எந்தக் கையேட்டிலும் அது கிடையாது. எனக்கு முன்னிருந்தவர் எனக்குக் காட்டினார், நான் எனக்குப் பின் வந்தவருக்குக் காட்டினேன். இப்போது அந்த மெஷின், ஒருநாளும் தனக்கில்லாத பச்சை வண்ணம் பூசப்பட்டு, காட்சிப் பொருளாக நுழைவாயிலில் நிற்கிறது. வண்ணத்தைப் பற்றி நான் அதிகம் வாதாடவில்லை. ஷிம்மைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்றவர்கள் பழையதைக் காக்க உதவுவது எங்கள் ஊழியர்களின் தனிப் பெருமையன்று. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் பாரம்பரிய அறக்கட்டளை 1981 முதல், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களின் உழைப்பில்தான் பழைய எஞ்சின்களைக் காத்துவருகிறது. அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில், 1959-இல் அறிமுகமான ஐபிஎம் 1401 கணினிகள் இரண்டை மீண்டும் ஓட வைத்தவர்களில் பலர் அந்நிறுவனத்தின் ஓய்வு பெற்ற பொறியாளர்களே. என்னை மிகவும் யோசிக்க வைத்தது கொலோசஸ் கணினியின் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளை உடைக்க பிரிட்டன் தபால் துறைப் பொறியாளர்கள் கட்டிய அந்த இயந்திரத்தின் வரைபடங்கள் இரகசியம் கருதிப் பின்னாளில் எரிக்கப்பட்டன. 1993-இல் பிரிட்டிஷ் பொறியாளர் டோனி சேல் அதை மறுபடி கட்டத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தவை ஒருசில போர்க்காலப் புகைப்படங்களும், சில பொறியாளர்கள் விதியை மீறி வைத்துக்கொண்டிருந்த சுற்று வரைபடத் துண்டுகளும், முதியவர்களின் நினைவும்தான். மறுகட்டமைப்பு 2007-இல் நிறைவுற்றது.

விதியை மீறுவதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் என் வீட்டு அலமாரியிலும் ஒரு வரைபடம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அலுவலகம் இடம் மாறியபோது பழைய பதிவேடுகளைக் கட்டுக்கட்டாக ஸ்கிராப்பில் போட்டார்கள். அந்தக் குவியலில் இருந்து எடுத்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, உரிய பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நான் அன்பாக ஒட்டியிருந்த செல்லோ டேப்தான் அதற்கு நேர்ந்த மிகப் பெரிய சேதம் என்று காப்பாளர் பணிவாகத் தெரிவித்தார்.

எங்கள் நினைவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒரே தீ விபத்தை இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் வைக்கிறோம். இருவருக்கும் துளியும் சந்தேகமில்லை. அந்த மாதிரி நேரங்களில் இரண்டையும் எழுதி, சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று குறித்து வைப்பதே முறை. இன்னொன்றும் கவனித்தேன்: மேசைக்கு முன் உட்கார்ந்தால் எல்லோரும் பதவி உயர்வுகளைப் பற்றிப் பேசுகிறோம், இயந்திரத்தின் பக்கத்தில் நிறுத்தினால் கைகள் தாமாகவே லீவரைத் தேடுகின்றன, வாய் அதைத் தொடர்கிறது. நினைவுகளின் ஒலிப்பதிவுகளை இப்போது ஷாப்பிலேயே, இயந்திரங்களின் அருகிலேயே எடுக்கிறோம். பின்னணியில் இரைச்சல் வருகிறது. வரட்டும், அதுவும் பதிவுதான்.

பிரஸ் படத்தில் மூவரின் பெயர் கிடைத்துவிட்டது. வலது ஓரத்தில், பாதி முகம் மட்டும் தெரிய, கையில் எண்ணெய்க் கேனுடன் நிற்கும் நான்காமவரை இதுவரை வந்த பதினாறு பேரில் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர்ஸில் இருந்த ஒருவருக்குத் தெரியக்கூடும் என்கிறார்கள். அவர் கண் அறுவை முடிந்து அடுத்த மாதம்தான் வெளியே வருவாராம். படத்தின் பின்புறத்தில் மூன்று பெயர்களை எழுதி, நான்காவதற்கு இடம் விட்டு, ‘ஹெல்பராக இருக்கலாம், இரவு ஷிப்ட்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.