அழிக்கக் கொண்டுவந்த லாக்கெட்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடை கவுன்டரில் நிற்பவள் நான். பழைய நகையோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "அழிச்சா எவ்வளவு தேறும்?" என்பதைத்தான். பாட்டியின் அட்டிகை அம்மாவுக்கு வளையலாகும், மகளுக்கு நெக்லஸாகும். நம் வீடுகளில் நூறு வருஷத்து நகை அபூர்வமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

போன மாதம் ஒரு அக்கா கொண்டுவந்தது வேறு ரகம். கட்டைவிரல் அகலத்தில் முட்டை வடிவ லாக்கெட். எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்த தாத்தாவுக்கு, ஊர் திரும்பிய துரை வீட்டம்மா கொடுத்ததாம். நகத்தால் நெம்பியதும் டிக்கென்று திறந்தது. ஒரு பக்கம் வெளிறிய மீசைக்காரர் படம். மறுபக்கம் கண்ணாடிக்கு அடியில், பாய் முடைந்த மாதிரி பின்னிய செம்பட்டை முடி.

"அய்யய்யோ, செத்தவங்க முடியா?" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்து ஆங்கிலேயரில் காதலர்களும் முடி வைத்தார்கள், பிள்ளை பெற்றவர்களும் வைத்தார்கள். விக்டோரியா மகாராணியிடம் இதய வடிவக் குட்டி லாக்கெட்டுகள் கோத்த கைச்சங்கிலி ஒன்று இருந்தது. ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு லாக்கெட், உள்ளே அந்தப் பிள்ளையின் முடி. 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் அவருடைய முடியையும் லாக்கெட்டில் வைத்துப் போட்டுக்கொண்டார். மகாராணியே செய்தால் ஊர் சும்மா இருக்குமா? துக்க நகை வியாபாரம் அமோகமாக நடந்தது. கறுப்பு எனாமல் பூசியிருந்தால் பெரும்பாலும் சாவு நகை. இதில் கறுப்பு இல்லை.

நமக்கு முடி என்றால் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டு முருகனுக்குக் கொடுத்துவிட்டு வருவது. ஆனாலும் ரொம்ப முகம் சுளிக்க வேண்டாம். காய்ந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டியவர்கள்தானே நாம்? என் தம்பிக்கும் கட்டியிருந்தார்கள்.

லென்ஸில் பார்த்தேன்: நங்கூரம், 9, .375. நங்கூரம் பர்மிங்காம் முத்திரை. 9 காரட் என்றால் நூற்றுக்கு முப்பத்தேழரை பங்குதான் தங்கம். 1854ல் இங்கிலாந்து சட்டப்படி அனுமதித்த தரம். 916, அதாவது 22 காரட், பார்த்தே பழகிய அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பித்தளைக்குத் தங்கச்சி என்று நினைத்திருப்பார். ஆனால் ஓயாமல் திறந்து மூடும் கீலுக்கு 22 காரட் ரொம்ப மெத்து, சீக்கிரம் வளைந்துவிடும். 9 காரட் கெட்டி. அதனால்தான் இன்னும் டிக்கென்று மூடுகிறது.

எடை 5 கிராம், கண்ணாடியோடு சேர்த்து. உருக்கினால் சுத்தத் தங்கம் 2 கிராம்கூட வராது. கண்ணாடி, அதைப் பிடிக்கும் வளையம், முடி, படம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் பழம்பொருள் சேர்ப்பவர்கள் தங்க விலையைப் பார்ப்பதில்லை. "அழிக்காதீங்கக்கா" என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப மெஷின்ல போட்டுக் கழுவியாச்சும் குடும்மா."

கூடவே கூடாது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் படமும் போச்சு, முடியும் போச்சு. காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

"பேத்தி படத்தை வைக்கலாமா?"

வைக்கலாம். மீசைக்காரரைப் பிய்க்காமல், அளவாக வெட்டி அவர் மேலேயே வைத்து வளையத்தைப் பொருத்தினால் ஆயிற்று.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இதுக்கு ஏத்த மாதிரி 916ல ஒரு செயின் காட்டு" என்றார். முதலாளியே எழுந்து வந்து தட்டை எடுத்தார்.