அம்மா சொன்ன மூன்று நாள்

அம்மா போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. படுக்கையில் விழுவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு தடவை ரமணாசிரமத்துல மூணு நாள் இருந்துட்டு வாடி. கோயில் கோயிலா ஓடுறது போதும், ஒரு இடத்துல உட்காரு." வருஷாப்திகத்துக்குள் அவள் வார்த்தையை நிறைவேற்றிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு தவிப்பு. ஆசிரமத்துக்கு முன்கூட்டியே எழுதினேன். பௌர்ணமி இல்லாத வாரமாக, வியாழன் முதல் சனி வரை இடம் கிடைத்தது.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே சோதனை ஆரம்பமாகிவிட்டது. "ஆசிரமத்துல ரூமே இல்லம்மா, நான் நல்ல இடம் காட்டுறேன்" என்று இரண்டு பேர் பையைப் பிடித்து இழுக்காத குறை. பெரிய கோயிலில் அதைவிட மோசம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு ஒருவர் பக்கத்தில் வந்து, "நேரா சந்நிதிக்குக் கூட்டிட்டுப் போறேன், பார்த்துக் குடுங்க" என்றார். சாமியைப் பார்க்க வந்த இடத்தில் இப்படிப் பேரம் பேசுகிறார்களே என்று மனசு கொதித்தது. கொதிப்போடுதான் அண்ணாமலையாரைப் பார்த்தேன். ஒரு விநாடி, அவ்வளவுதான், தள்ளிவிட்டார்கள்.

ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தின் முன்னால் வந்து நின்ற பிறகுதான் அது அடங்கியது. 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளை, பின்னாளில் பகவான் ரமண மகரிஷி ஆனவர், உட்கார்ந்த இடம். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் அசையாமல் இருந்த இடம். தள்ளிவிட்டார்களே என்று நான் குமைந்துகொண்டிருந்தது அங்கே நிற்கவே இல்லை.

ஆசிரமத்துக்குள் நுழைந்தால் வேறு உலகம். மரத்தடியில் மயில், கூரையில் குரங்கு. யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பழைய ஹாலில் பகவான் சாய்ந்திருந்த சோபா, அதன்மேல் அவர் படம். எதிரே தரையில் போய் உட்கார்ந்தேன். தியானம் என்றால் கண்ணை மூடினால் தானாக வந்துவிடும் என்றா நினைத்தேன், தெரியவில்லை. கண்ணை மூடியதும் வந்தது ஆஸ்பத்திரி வராந்தாதான்.

அம்மாவின் கடைசி ராத்திரி நான்தான் பக்கத்தில் இருந்தேன். விடியற்காலையில் ஒரு டம்ளர் காபிக்காகக் கீழே இறங்கினேன். பத்து நிமிஷம் ஆகியிருக்குமா? திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா எவ்வளவோ ஆறுதல் சொல்லியும் அந்தப் பத்து நிமிஷம் என்னை விடவில்லை. முதல் நாள் முழுக்க அந்த ஹாலில் அதுதான் ஓடியது. 'நான் யார்' என்று கேட்டுப் பார் என்பது பகவான் உபதேசம். கேட்டேன். கூட இல்லாமல் போன மகள் என்றுதான் பதில் வந்தது. முழங்கால் மரத்துப்போய், எழுந்து வெளியே வந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசிரமத்தின் பின்பக்கமாக மலை ஏறினேன். கற்கள் பதித்த பாதை, நிதானமாக ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்கந்தாசிரமம். வழியில் ஓரிடத்தில் பெரிய கோயில் முழுக்கத் தெரிகிறது. 217 அடி ராஜகோபுரம் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேலே சுனைத் தண்ணீர் ஓடும் சத்தம். பகவான் 1916 முதல் 1922 வரை இருந்த இடம் இது. பிள்ளையைத் தேடி வந்து, வீட்டுக்கு வா என்று ஒரு காலத்தில் கெஞ்சி அழுது திரும்பிப்போன பகவானின் தாய் அழகம்மாள், பிற்பாடு வந்து தங்கி எல்லோருக்கும் சமைத்துப் போட்டதும் இங்கேதான். இன்றைக்கு ஆசிரமத்தில் நமக்கு விழும் ஒவ்வொரு கவளமும் அந்தத் தாயின் அடுப்பிலிருந்து தொடங்கியதுதான். சிலர் வாசலில் நின்று வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்த போனை அணைத்து வைத்தால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அழகம்மாள் 1922 மே 19-ம் தேதி இங்கேயே முக்தி அடைந்தார். அன்றைக்குப் பகவான் ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி கடைசி மூச்சு வரை பக்கத்தில் இருந்தார். உலகத்தையே துறந்தவர் தாயை விட்டு நகரவில்லை. இது எனக்கு முன்பே தெரிந்த கதைதான். ஆனால் அந்த இடத்தில் நின்று நினைத்தபோது குத்தியது. பிறகு, ஸ்கந்தாசிரமத்துக்கு முன்னால் பகவான் இருந்த விரூபாக்ஷ குகைக்கு இறங்கிப்போய் இருட்டில் உட்கார்ந்தேன். மனசு அடங்கவில்லை.

அன்று மாலை ஆசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியில் ஸ்ரீசக்ர பூஜை. அழகம்மாளின் சமாதி மேலேயே எழுந்தருளியிருக்கும் லிங்கம் அல்லவா! வெள்ளிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். என் பக்கத்தில் எழுபத்தைந்து வயது இருக்கும், ஒரு பாட்டி. தீபாராதனைக்கு எல்லோரும் எழுந்தபோது அவரால் முடியவில்லை. "கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்று கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். எலும்பும் தோலுமான கை, மணிக்கட்டில் நழுவி விழும் ஒரே ஒரு வளையல், உலர்ந்து சொரசொரப்பான உள்ளங்கை. அம்மாவின் கை கடைசியில் அப்படித்தான் இருந்தது. எழுந்த பிறகும் அவர் விடவில்லை. கற்பூரம் முழுக்க எரிந்து தணியும் வரை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். விரல்கள் லேசாக நடுங்கின. லிங்கம் கண்ணீரில் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. என் அம்மாவை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பத்து நிமிஷம் அவள் தனியாக இல்லை.

பேர் கேட்கத் தோன்றவில்லை. பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பினால் பாட்டி கூட்டத்தில் கலந்துவிட்டிருந்தார்.

சனிக்கிழமை பழைய ஹாலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டு மணி அடித்துத்தான் கண்ணைத் திறந்தேன். அடுத்த முறை அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, வெறுங்காலோடு பதினான்கு கிலோமீட்டரும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அருணாசலா, என் அம்மா கேட்டதை நீதான் முடித்துக் கொடுத்தாய். பகவானே, அழகம்மா தாயே, உங்களுக்கு நான் என்ன செய்துவிட முடியும்!