காமிக்ஸ் படைப்பாளர்களின் பெயர்களைச் சரியாகச் சொல்ல

ஆங்கில உச்சரிப்புக் குறிப்புகளில் 'இசட் எச்' என்று சேர்ந்து வந்தால் தமிழர் கண் அதை ழகரமாகவே வாசிக்கும். யாழினி, எழிலன் என்ற பெயர்களை ஐசியிலேயே (மலேசிய அடையாள அட்டையிலேயே) அப்படித்தானே எழுதுகிறோம். டின்டினைப் படைத்த பெல்ஜியக்காரரை 'எர்ழே' என்று சொல்ல நேர்வது இதனால்தான். அங்கே நாக்கு மடியவே கூடாது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஷ்ஷ்ஷ்' என்று நீட்டுங்கள், அதிர்வு இருக்காது. வாயை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் சேர்த்தால் தொண்டை அதிரும். அந்த அதிரும் ஷகரம்தான் வேண்டிய ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் இங்கே 'ஜ' என்றே எழுதுகிறேன்.

ஆக, எர்ஜே. அவருடைய இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஆர், ஜி. பிரெஞ்சில் அவ்விரண்டு எழுத்துகளின் பெயர் எர், ஜே. முன்னால் நிற்கும் 'எச்' ஊமை. கடைசி எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு இருப்பதால் அது 'ஏ'. விலைச்சீட்டிலோ கடைக் கணினியிலோ அந்தக் கோடு விடுபட்டால் 'ஹெர்ஜ்' பிறந்துவிடும்.

கோலாலம்பூரில் சிவகாசி லயன், முத்து காமிக்ஸ் இதழ்களை வரவழைத்துப் படிப்பவர்களுக்கு இன்னொரு பெயர் பழக்கம்: கேப்டன் டைகர் கதைகளின் ஓவியர். 'ஜீன் கிராட்' அல்ல, ஜான் ஜிரோ. ஈற்றில் நிற்கும் 'டி' ஊமை. 'ஏ யூ' சேர்ந்தால் ஓகாரம். 'ஜான்' என்பதில் வரும் 'ன்' முழு எழுத்தும் அல்ல. பேச்சில் 'வந்தான்' என்று வேகமாகச் சொல்லும்போது நாக்கு மேலே தொடாமல் ஒலி மூக்கில் கரைகிறதே, அதே மூக்கொலி. ஆங்கிலம் பேசுபவர்கள் பாடுபட்டுப் பழகும் இந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அக்கதைகளை எழுதியவர் ஜான் மிஷெல் ஷார்லியே, 'சார்லியர்' அல்ல. ஈற்றெழுத்து ஊமை என்பதை மட்டும் எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். அதே ஜிரோ 'மோபியுஸ்' என்ற புனைபெயரிலும் வரைந்தார்; அதில் கடைசி 'ஸ்' நன்றாகவே ஒலிக்கும்.

ஆஸ்டெரிக்ஸ் ஓவியர் உடெர்ஸோவின் முதல் எழுத்துக்குப் பயிற்சி வேண்டும். உதட்டை 'உ'வுக்குக் குவித்துவிட்டு உள்ளே 'இ' சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் மிக முக்கியமானது போலந்துப் பெயர்களில்தான் தெரியும். 'தோர்கல்' காமிக்ஸ் தொடரின் ஓவியர் ரோஷின்ஸ்கி போலந்தில் பிறந்தவர். பெயரும் போலிஷ் முறையில்தான். அவருடைய முதற்பெயரில் 'ஆர் இசட்' இரண்டு முறை வருகிறது. முதல் இடத்தில் அது அதிரும் ஷகரம், சொல்லின் கடைசியில் அதிர்வு போய் வெறும் 'ஷ்': க்ஜெகோஷ். ஆஸ்டெரிக்ஸ் கதாசிரியரின் குடும்பப் பெயரும் போலந்திலிருந்து வந்ததே. ஆனால் அவர் பிரெஞ்சு எழுத்தாளர், பெயர் 'கோசினி'. போலிஷ் முறைப்படி 'கோஷ்சின்னி' என்று திருத்தப் போனால் பிழை. அமெரிக்க ஓவியர் பில் சின்கெவிச்சின் பெயரை வார்சாவில் 'ஷென்க்யேவிச்' என்பார்கள். அவருக்கோ 'கெ' மேல் அழுத்தத்தோடு சின்-கெ-விச். மூவருக்கும் வேர் ஒன்று, ஒலி மூன்று வகை. வேரைத் தேடிப் போவதைவிட, அந்தப் பெயருக்கு உரியவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்பதே சரி. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

அமெரிக்கப் பெயர்களில் எழுத்தைவிட அழுத்தம் முக்கியம். தமிழ்ப் பேச்சில் எல்லா அசையும் ஏறத்தாழ ஒரே எடை; அங்கே ஓர் அசை தூக்கலாக வரும். 'ஹெல்பாய்' படைத்த மின்-யோ-லாவில் 'யோ', மார்வெல் ஓவியர் கெ-ஸா-டாவில் 'ஸா'. மின்யோலாவின் 'ஜி என்' கூட்டு, மலாயில் 'ஞோஞா' என்கிறோமே, அந்த ஞகரம்தான். 'ஐ இ' என்று வந்தால் சீகல், ஸ்பீகல்மன் இருவருக்கும் ஈகாரம். ராப் லைஃபெல்டுக்கு மட்டும் 'லை'. மாட் க்ரேனிங்கை 'க்ரோனிங்' ஆக்காதீர்கள்.

ஜப்பானியப் பெயர்களுக்கு மலாய் எழுத்துமுறை கைகொடுக்கும், ஓர் இடத்தில் காலை வாரும். மலாயில் எகரம் இரண்டு: 'பெசார்' என்பதில் மங்கல், 'சாத்தே'யில் தெளிவு. ஜப்பானியத்தில் தெளிந்தது மட்டுமே உண்டு. ஆகவே 'ஆஸ்ட்ரோ பாய்' படைத்த 'தெஸுகா'வின் முதல் எகரத்தை 'பெசார்' போல விழுங்கக் கூடாது. அதில் வரும் 'கா'வையும் 'மகா' போலக் குழைக்காமல் 'காடு' போல வன்மையாகச் சொல்ல வேண்டும். அதற்காக 'க்கா' என்று இரட்டித்தாலும் தவறு. ஜப்பானியத்தில் ஒற்று இரட்டித்தால் சொல்லே வேறாகிவிடும். 'செய்லர் மூன்' படைத்த நாவோகோவின் குடும்பப் பெயர் ட-கெ-உ-ச்சி என நான்கு அசை, 'டகூச்சி' அல்ல. ஜுன்ஜி இடோவில் 'இ' குறில், 'ஓ' நெடில். கட்ஸுஹிரோ ஓடொமொவில் முதல் எழுத்து மட்டும் நெடில். ஆங்கில அட்டையில் இந்த நெடில் குறி பெரும்பாலும் இருப்பதில்லை.

நம் நாட்டுக்காரர்களைப் பிழையாகச் சொல்வதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். கேலிச்சித்திரக்காரர் டத்தோ லாட்டின் பெயர், சிறுவயதில் அழைக்கப்பட்ட 'புலாட்' என்பதன் சுருக்கம். 'லேட்' அல்ல. ஆகாரத்தை அதிகம் நீட்டாமல், கடைசி 'ட்'டில் மூச்சை வெளியே விடாமல் நிறுத்த வேண்டும். அமெரிக்க காமிக்ஸில் வரைந்த மலேசியர் டான் எங் ஹுவாட்டுக்கும் ஈற்றில் அதே நிறுத்தம். குடும்பப் பெயர் முன்னால் இருப்பதால் அவர் மிஸ்டர் டான். 'மிஸ்டர் ஹுவாட்' என்றால் பினாங்கில் யார் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள்.

சரிபார்க்க, படைப்பாளர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் காணொளியைத் தேடுங்கள். பேட்டி எடுப்பவரின் உச்சரிப்பை நம்ப வேண்டாம். வேகத்தை 0.75-க்குக் குறைத்து, அசைகளை எண்ணி, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். மறைந்தவர்களுக்கு அவரவர் நாட்டு வானொலி நிகழ்ச்சிகள் உதவும். விக்கிப்பீடியாவின் ஒலிக்குறிகளைப் பார்த்தால் மூன்று எழுத்துகளில் கவனம்: வால் நீண்ட மூன்று போன்ற குறிதான் அதிரும் ஷகரம், அங்கே 'ஜே' என்ற எழுத்துக்கு ஒலி யகரம், 'ஒய்' என்ற எழுத்துக்கோ யகரம் அல்ல, உதட்டைக் குவித்துச் சொல்லும் இகரம்.