குலுக்கல் பலகை: குழாய் வழிக்கு வந்துவிட்டது

கைப்பிடியைத் திருப்பினால் ஒரு கோலி, மறுபடி திருப்பினால் இன்னொன்று. இரண்டு சேர்ந்து விழுவதில்லை, நடுவில் நின்றுகொள்வதும் இல்லை. பழைய ஏதென்ஸில் ஜூரர்களைக் குலுக்கிப் பொறுக்கிய கிளெரோடீரியன் இயந்திரத்தைச் செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பலகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 12 மி.மீ. ப்ளைவுட், ஜூரர்களின் பெயர்ச் சீட்டைச் செருக ஐந்து நிரல் துளைகள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் அரசமைப்பு நூலின் கணக்குதான்: குடிமக்களைப் பிரித்த பத்துக் குலங்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பலகை, கிரேக்க எழுத்து ஆல்ஃபா முதல் காப்பா வரை பத்து நிரல்.

உயிரை வாங்கியது குழாய். கல் பலகைகளின் துண்டுகள் ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் கிடைத்திருக்கின்றன, குழாய்தான் மிஞ்சவில்லை. நூலோ கறுப்பும் வெள்ளையுமாக வெண்கலக் கனசதுரங்கள் என்கிறது. கனசதுரம் வட்டக் குழாயில் மூலை இடித்துக் குறுக்கே நிற்கிறது. சதுரக் குழாய் போட்டால் மேலே புனலிலேயே நாலைந்து ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு இறங்க மறுக்கின்றன. தட்டினால் இறங்கும்தான். ஆனால் தட்டி இறக்கினால் அது குலுக்கல் இல்லை, தட்டுகிறவனின் கைவேலை. அதனால் கோலிக்கு மாறினேன். நூலுக்கு விரோதம்தான், இருக்கட்டும்.

குழாயின் வாசல் இரண்டு கம்பி. கீழ்க் கம்பி விலகும்போது மேல்க் கம்பி அடுத்த கோலியை மறிக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி சரியாக ஒரு கோலி. கடைக் கோலிகள் ஒரே அளவில் வருவதே இல்லை, வெர்னியர் அளவி வைத்துப் பொறுக்கத்தான் வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், அந்த இயந்திரத்தின் வேலையே யார் கையும் படாமல் இருப்பதுதான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எந்த ஜூரர் எந்த நீதிமன்றம் என்பது முன்கூட்டியே தெரியும். காசு கொடுக்க வசதி. கி.மு. 409-இல் பைலோஸ் கோட்டையை எதிரியிடம் பறிகொடுத்த தளபதி அனிட்டஸ் வழக்கிலிருந்து அப்படித்தான் தப்பினார் என்கிறது அதே நூல். (பின்னாளில் சாக்ரடீஸ்மேல் வழக்குப் போட்டவர்களில் ஒருவரும் இவர்தான்.) அடுத்த நூற்றாண்டில் அன்றன்று காலையில்தான் குலுக்கல். வெள்ளை விழுந்தால் அந்த நிரையின் ஐந்து பேரும் உள்ளே. கறுப்பு என்றால் ஐந்து பேருக்கும் அன்றைய கூலியான மூன்று ஓபல் காசு போச்சு. பத்துக் குலமாகப் பிரித்த கிளெய்ஸ்தனீஸையும், ஜூரருக்குக் கூலி கொண்டுவந்த பெரிக்ளிஸையும் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். இந்தக் குழாயைச் செய்தவனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

பெயர்ச் சீட்டுகள் பாதியில் நிற்கின்றன. லேசர் கட்டிங் கடையை நம்பாதீர்கள், இழுத்தடிக்கிறார்கள். பாத்திரப் பட்டறையில் பித்தளைக் கழிவுத் துண்டு எடைக்குக் கிடைக்கிறது, அதுவே போதும். நிரல் எழுத்துக்கு ஆங்கில பஞ்ச் செட் ஏழு எழுத்து வரை சமாளிக்கும். காமா, டெல்டா, தீட்டா மூன்றும் உளிதான். அசல் சீட்டுகளில் பழைய பெயரைத் தட்டி அழித்துவிட்டு மேலேயே புதுப் பெயர் பொறித்தவை உண்டு. அப்படி ஒன்றாவது செய்துவிட வேண்டும்.

அதற்குள் மனசு நீதிமன்றத்தில் பேச்சு நேரம் அளந்த நீர்க்கடிகாரத்துக்குத் தாவிவிட்டது. அகோராவில் கிடைத்தது 6.4 லிட்டர், ஆறு நிமிடத்தில் காலியாகும். குயவரிடம் பானைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அடியில் வெண்கலக் குழாய் நான் பொருத்திக்கொள்வதாக. செய்து பார்த்தவர்கள் துளையின் விட்டத்தை மட்டும் சொல்லுங்கள்.