கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்

ஞாயிறு பின்னேரம் தங்கையின் மகன் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கல்லடி வீட்டுக்கு வந்தான். அவனுடைய அப்பப்பா மட்டக்களப்புப் படுவான்கரையில், கன்னன்குடாப் பக்கம் பேரெடுத்த அண்ணாவியார், கூத்துப் பழக்குகிற ஆசான். அவர் கைப்பட எழுதிய கூத்துக் கொப்பிகளைக் கரையான் அரிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறான். அந்தப் படங்களை பென் டிரைவுக்குப் பிரதியெடுக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது கணினி வரிவரியாக ஓடவிடும் கட்டளைக் கோப்பு. மொத்தம் பதினான்கு வரி. ஓடவில்லை.

"எல்லாம் சரியாத்தானே மாமா எழுதியிருக்கன்?"

கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தது. புதிதாக எழுதுகிறவர்களைத் திணறடிக்கிற பிழைகள் பல அப்படித்தான். திரையில் தெரியாத எழுத்தில் ஒளிந்திருக்கும்.

முதல் செய்தி 'பேட் இன்டர்பிரெட்டர்: நோ சச் ஃபைல் ஓர் டைரக்டரி'. அதற்குள்ளே பாஷ் என்ற பெயரை ஒட்டி ^எம் என்று ஒரு வால். அவன் ஸ்கிரிப்டை விண்டோஸில் எழுதி உபுண்டு என்ற லினக்ஸுக்குக் கொண்டுவந்திருந்தான். பழைய டெலிபிரிண்டரில் எழுதும் தலையை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை, தாளை ஒரு வரி நகர்த்த இன்னொரு கட்டளை. விண்டோஸ் இன்றும் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸுக்கு இரண்டாவது போதும். மிஞ்சிய முதலாவதைப் பெயரின் பகுதி என்று நினைத்து, அப்படி ஒரு புரோகிராமைத் தேடி இல்லை என்கிறது. 'கேட் -ஏ' (பெரிய எழுத்து ஏ) போட்டுப் பாருங்கள்: நல்ல வரி $ குறியோடு முடியும், கெட்ட வரி ^எம்$ என்று முடியும். அந்த வாலை நீக்கும் 'டொஸ்டுயுனிக்ஸ்' ஓடவிட்டால் தீர்ந்தது. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால், கோப்புக்கு ஓடும் அனுமதி இல்லை என்று அர்த்தம். அதற்கு 'சிஎச்மொட் +எக்ஸ்'.

அடுத்தது 'கொமாண்ட் நொட் ஃபவுண்ட்'. மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயருக்கு, மதிப்புக் கொடுக்கும்போது = குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே எழுதப் பழகினோம்! ஆனால் இடைவெளி விட்டவுடனே ஷெல் (கட்டளைகளை வாசித்து ஓடவிடும் புரோகிராம், இங்கே பாஷ்) மாறியின் பெயரைக் கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. = அந்தக் கட்டளைக்குப் போகிற ஒரு சொல், அவ்வளவுதான். சதுர அடைப்புக்குறியிலோ நேர்மாறு, இடைவெளி இல்லாவிட்டால் பிழை. ஏனென்றால் [ என்பதே ஒரு கட்டளை. '/யூஎஸ்ஆர்/பின்' போல்டரில் [ என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் இருப்பதைக் காட்டினேன். அதைக் கண்ட பிறகு அவன் அந்தப் பிழையை மறுபடி செய்யவில்லை.

மூன்றாவதுதான் என் மனதைத் தொட்டது. 'வடமோடி கொப்பி 3' என்ற படத்துக்கு (வடமோடி, தென்மோடி இரண்டும் கூத்து வகைகள்) மூன்று பிழைச் செய்திகள் வந்தன: வடமோடி இல்லை, கொப்பி இல்லை, 3 இல்லை.

"தமிழ்ல பேர் வச்சதாலயா மாமா? எல்லாத்தையும் இங்கிலீசுக்கு மாத்திரவா?"

வேண்டாம் மகன், வேண்டாம். தமிழ்ப் பெயர் லினக்ஸுக்குச் சுமையே இல்லை. எல்லா மொழி எழுத்தையும் குறிக்கும் யூடிஎஃப்-8 முறை இருக்கிறது, அப்பப்பா வைத்த பெயர் அப்படியே இருக்கட்டும். குற்றவாளி நடுவில் உள்ள இடைவெளி. $ போட்டு மாறியை வெறுமனே எழுதினால் ஷெல் அதன் மதிப்பை இடைவெளியில் வெட்டித் துண்டாக்கும். இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் வெட்டாது. "$..." என்று எழுதும் பழக்கம் கை தானாகச் செய்கிற பழக்கமாக வேண்டும்.

பத்தாவது வரியில் பழைய பிரதிகளை அழிக்க 'ஆர்எம் -ஆர்எஃப்', அதன் பின்னால் ஒரு மாறி, அதன் பின்னால் /* இருந்தது. அந்த மாறி வெறுமையாகிவிட்டால் மிஞ்சுவது /* மட்டும். கணினியின் உச்சிப் போல்டரில் உள்ளதையெல்லாம் அழிக்கச் சொல்கிற கட்டளை அது. கொப்பிப் படங்களும் அதே லேப்டொப்பில்தான். அந்த வரியை அப்பவே எடுக்கவைத்தேன். தொடக்கத்தில் 'செட் -யூ' சேர்த்தோம். மதிப்பே கொடுக்காத மாறி வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அழிக்கிற எந்த வரிக்கும் முன்னால் 'எக்கோ' போட்டு, என்ன நடக்கப்போகிறது என்று வாசித்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் 'பாஷ் -எக்ஸ்': ஒவ்வொரு வரியையும் ஷெல் எப்படிப் புரிந்துகொண்டது என்று காட்டும். 'ஷெல்செக்' என்ற சோதனைக் கருவியை நிறுவி ஸ்கிரிப்டை அதற்குக் கொடுத்தால் மேற்கோள் விடுபட்ட இடங்களை அதுவே சுட்டும்.

விளக்கு வைக்கும் நேரம் ஸ்கிரிப்ட் முழுதாக ஓடியது. பென் டிரைவில் முதல் படத்தைத் திறந்தான். காப்பு விருத்தம், கூத்தின் தொடக்கக் கடவுள் வணக்கப் பாட்டு. ஓரம் அரித்திருந்தது, எழுத்து முழுதாக இருந்தது. தென்மோடிக் கொப்பிகள் இன்னும் படமெடுக்கக் கிடக்கின்றன, அடுத்த ஞாயிறு நானும் போகிறேன்.